கணினி

'கணி' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். நாளும் கோளும் கணித்துச் சொன்னவரைக் கணியன் என்றது சங்க காலம். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரிலேயே அது இருக்கிறது. முதலில் 'கணிப்பொறி' என்றும் எழுதினார்கள். நாவுக்கு எளிதான 'கணினி' நிலைத்தது, நல்லதுதான்.

பேச்சில் இன்னும் 'கம்ப்யூட்டர்'. பனமலையிலிருந்து செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறும் பிள்ளைகள், "டைப்பிங் லோயர், ஹையர் முடிச்சாச்சு, அடுத்தது சி.ஓ.ஏ." என்பார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் அது. அரசுத் தட்டச்சர் பணிக்குக் கேட்கிறார்கள்.

2011-இல் தமிழக அரசு, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின் சொல் வீட்டுக்குள்ளும் வந்தது. 'கணினி அறிவு' என்பதைவிடக் 'கணினிப் பயிற்சி' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எக்செலில் கூட்டல் போட, முதலில் சமக்குறியைத் தட்ட வேண்டும் என்பது விரலுக்குத்தான் முதலில் பழகுகிறது.