மைஎஸ்கியூஎல் நீட்சி (பிஎச்பி)

மைஎஸ்கியூஎல் நீட்சி என்பது பிஎச்பி நிரலாக்க மொழியில் எழுதப்படும் நிரல்களை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் இணைக்கப் பயன்பட்ட நிரலகம், அதாவது ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு ஆகும். பிஎச்பியின் தொடக்கப் பதிப்புகளிலேயே இடம்பெற்ற இது, 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் நீக்கப்பட்டது.

பயன்பாடு

தரவுத்தளத்துடன் இணைதல், வினவலை அனுப்புதல், விடையை வரிசை வரிசையாகப் பெறுதல் ஆகியவற்றுக்கு இந்நீட்சியில் எளிய செயற்கூறுகள் இருந்தன. சில வரிகளிலேயே இயங்கும் வலைத்தளத்தை எழுத முடிந்ததால் தொடக்கநிலை நிரலாளரிடையே இது பெரிதும் பரவியது.

குறைபாடு

இந்நீட்சியில் வினவலும், பயனர் உள்ளிட்ட தரவும் ஒரே எழுத்துத் தொடராகச் சேர்த்து அனுப்பப்பட்டன. எஸ்கியூஎல் மொழியில் ஒற்றை மேற்கோள் குறி ஒரு மதிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுகிறது. எனவே ஓ'பிரையன் என்பது போல அக்குறியைக் கொண்ட பெயரை ஒருவர் உள்ளிட்டால் வினவல் பாதியில் முறிந்துவிடும். இதே வழியில் தீய நோக்குடையோர் தம் கட்டளைகளை வினவலினுள் நுழைக்கவும் இயலும். இது எஸ்கியூஎல் உட்செலுத்தல் எனப்படுகிறது. குறிகளைச் செயலிழக்கச் செய்யும் செயற்கூறு நீட்சியில் இருந்தபோதிலும், ஒவ்வோர் இடத்திலும் நிரலாளர் அதனை மறவாது பயன்படுத்த வேண்டியிருந்தது.

மாற்று நிரலகங்கள்

2004 சூலையில் வெளியான பிஎச்பி 5.0 உடன் மைஎஸ்கியூஎல்ஐ நிரலகமும், 2005 நவம்பரில் வெளியான 5.1 உடன் பிடிஓ நிரலகமும் வந்தன. பிடிஓ, போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் முதலிய பிற தரவுத்தளங்களுடனும் இயங்கும். மதிப்புகள் வரவேண்டிய இடங்களைக் கேள்விக்குறியால் காட்டி, மதிப்புகளைத் தனியே அளிக்கும் ஆயத்தக் கூற்று முறையை இரண்டும் வழங்குகின்றன. இம்முறையில் உள்ளிடப்படுவது எதுவாயினும் அது தரவாகவே கொள்ளப்படும். ஆயினும் அட்டவணை, நிரல் ஆகியவற்றின் பெயர்களை இவ்வாறு அளிக்க இயலாது.

நீக்கம்

2013 சூனில் வெளியான 5.5 பதிப்பு முதல், பழைய நீட்சி வழியாக இணையும்போது அது கைவிடப்படவுள்ளது என்னும் அறிவிப்பு காட்டப்பட்டது. 7.0 பதிப்பில் பழைய நிரல்கள் இயங்காமற் போயின. அவற்றை மாற்றி எழுதாமல் 5.6 பதிப்பிலேயே தங்கிய வலைத்தளங்களுக்கு 2018 இறுதியுடன் அதிகாரபூர்வப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன.

செயற்கூறுகளின் பெயரை மட்டும் புதிய நிரலகத்திற்கேற்ப மாற்றுவதால் இக்குறைபாடு நீங்காது. மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ ஆகியவற்றிலும் பழைய முறையில் தரவை வினவலுடன் ஒட்டி எழுத முடியும்; அவ்வாறு எழுதப்பட்ட நிரல் முன்போலவே தாக்குதலுக்கு உள்ளாகும்.

பிந்தைய மேம்பாடுகள்

மாற்று நிரலகங்களும் தொடர்ந்து திருத்தப்பட்டு வருகின்றன. முன்னர், வினவல் பிழையானால் நிரலாளர் தாமே சோதித்தாலன்றி அது வெளிப்படாமற் போகக்கூடும். பிடிஓவில் 8.0 பதிப்பு (2020) முதலும், மைஎஸ்கியூஎல்ஐயில் 8.1 பதிப்பு (2021) முதலும் இத்தகைய பிழைகள் இயல்பாகவே விதிவிலக்குகளாக எழுப்பப்படுகின்றன.