துறை கடந்த ஆய்வும் மதிப்பீட்டின் கால எல்லையும்

துறை கடந்த கூட்டாய்வு ஆய்வாளரின் செயல்திறனைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இரண்டையும் செய்கிறது, ஆனால் ஒரே காலத்தில் அல்ல. இழப்பு முதலில் தெரிகிறது, பயன் பிந்தி வருகிறது. அமெரிக்க ஆய்வு மையங்களைச் சார்ந்த ஏறத்தாழ 900 அறிவியலாளர்களின் 32,000 கட்டுரைகளை எரின் லேஹி குழுவினர் ஆராய்ந்தனர். துறை கடந்து எழுதுவோர் குறைவாக வெளியிடுகிறார்கள், ஆனால் கூடுதலாக மேற்கோள் காட்டப்படுகிறார்கள் என்பது 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. திறமை மிக்கவர்களே வேற்றுத்துறையில் கால்வைக்கத் துணிகிறார்கள், மேற்கோள் கூடுவதற்கு அத்திறமையே காரணம் என்று மறுக்கலாம். அப்படியானால் கட்டுரைகளின் எண்ணிக்கையும் கூடியிருக்க வேண்டுமே! அது குறைந்திருப்பதால், திறமை ஒன்றையே காரணமாகக் காட்டுவது பொருந்தாது. புதுமையான சேர்க்கைகளைக் கொண்ட கட்டுரைகள் தொடக்க ஆண்டுகளில் கவனிப்பாரற்றுக் கிடந்து பின்னரே மேலெழுகின்றன என்று வாங், வூகலர்ஸ், ஸ்டீபன் ஆகியோர் அதே ஆண்டில் காட்டியதும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. மூன்றாண்டுக் கணக்கெடுப்பில் தெரிவது பெரும்பாலும் இழப்பு மட்டுமே.

சிந்துக் குறியீட்டு ஆய்வு இதற்கு நல்ல சான்று. ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா, ஐராவதம் மகாதேவன் முதலியோர் 2009இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். கணினியியல், வானியற்பியல், கல்வெட்டியல் என வெவ்வேறு பின்புலத்தினர் அவர்கள். குறியீடுகள் அடுத்தடுத்து வரும் ஒழுங்கை என்ட்ரோபி (அடுத்து எது வரும் என்பதிலுள்ள நிச்சயமின்மையின் அளவு) கொண்டு அளந்து, அது பழந்தமிழ், சுமேரியம் போன்ற மொழிகளின் எழுத்தொழுங்கை ஒத்திருப்பதாக வாதிட்டனர். அந்த ஆய்வின் அடித்தளம், கணினியின் துணையோடு மகாதேவன் உருவாக்கி 1977இல் வெளிவந்த சிந்துக் குறியீட்டுத் தொடரடைவு. பல்லாண்டு உழைப்பில் விளைந்த அந்நூல், கட்டுரைகளை மட்டும் எண்ணும் ஒரு பட்டியலில் இடம்பெறவே வழியில்லை. மேற்கோள்களில் கண்டனங்களும் அடங்கும் என்ற ஆட்சேபம் இங்கே வலுவானது. மொழியியலர் ரிச்சர்ட் ஸ்ப்ரோட் இந்த முறையைக் கடுமையாக மறுத்தார். மேற்கோள் எண்ணிக்கை உண்மையின் அளவுகோல் ஆகாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் அவர் மறுப்போடு நிற்கவில்லை. மொழி சாராத குறியீட்டு முறைகளின் தரவுத் தொகுப்புகளை உருவாக்கி, 2014இல் விரிவான ஒப்பீடு ஒன்றை வெளியிட்டார். முடிவு எவர் பக்கம் சாய்ந்தாலும், அந்தத் தொகுப்புகள் விவாதத்தின் விளைச்சலே.

துறை கடந்த ஆய்வுக்கு எதிரான சாய்வு நல்கைக் குழுக்களிலும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்துக்கு வந்த 18,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில், துறைகளுக்கிடையிலான தொலைவு கூடக்கூட வெற்றி வாய்ப்பு குறைந்தது என்று லிண்டல் ப்ராம்ஹாம் குழுவினர் 2016இல் கண்டனர். விண்ணப்பங்களின் தரக்குறைவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதை எடைபோடும் தகுதி ஒரே துறையினர் நிரம்பிய குழுவுக்கு இல்லை. மதிப்பீட்டுக் காலத்தை நீட்டினால் சோம்பலும் தோல்வியும் அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து கட்டுரைகளை எண்ணுவதன்று. ஒவ்வொரு பகுதியையும் அந்தந்தத் துறையினர் இடையிடையே படித்துப் பார்ப்பது. பொது அறிவியல் இதழ்களின் மதிப்பாய்வில் கணினி மொழியியலருக்கு உரிய இடமில்லை என்பது ஸ்ப்ரோட் 2010இல் எழுப்பிய குறை. அந்த இடம் உறுதி செய்யப்பட்டால், சிந்துக் குறியீடு பற்றியது போன்ற பூசல் அச்சேறும் முன்பே நடந்து முடியும். மேற்கோள்கள் சேரும்வரை பத்தாண்டு காத்திருக்கவும் வேண்டாம்.