வெள்ளை நிலத்தில் குழி வெட்டியவர்கள்

நான் வேலை செய்யும் பரிஸ் ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிறவர் பூர்க்கினா பாசோவின் வடக்கே, யாத்தெங்கா மாகாணத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் கிச்சின் மூடியபிறகு, எறிவதற்கு வைத்திருந்த மரக்கறித் தோலைக் காட்டி, "எங்கள் ஊரில் இதை எறியமாட்டார்கள், குழிக்குள் போடுவார்கள்" என்றார். வேலியில் பூவரசங்குழை வெட்டித் தோட்டத்தில் தாழ்க்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அது புதினமில்லை. ஆனால் அவர் சொன்ன குழியின் கதை புதிது. புவியியல் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டவன் நான். விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன்.

யாத்தெங்கா மழை குறைந்த மேட்டுநிலம். இறுங்கும் கம்பும்தான் சாப்பாடு. பிரெஞ்சு ஆட்சி 1960 இல் முடிந்தாலும் நிபுணர்கள் போகவில்லை. 1962 முதல் 1965 வரை பெரிய இயந்திரங்களைக் கொண்டுவந்து ஏறக்குறைய 120,000 ஹெக்ரேயரில் மண்வரம்பு கட்டினார்கள். கமக்காரனைக் கேட்கவில்லை. தன் காணிக்குள் யாரோ கட்டிவிட்டுப் போன வரம்பை அவன் ஏன் பராமரிக்கப் போகிறான்? அவை கரைந்துபோயின. பிறகு 1970களின் வரட்சி. நிலம் ஓடு கட்டியதுபோல் இறுகி, பெய்த மழையும் உள்ளே இறங்காமல் ஓடியது. அப்படிச் செத்த நிலத்தை அவர்களின் மொறே மொழியில் வெள்ளை நிலம் என்கிறார்கள். சனம் தெற்கே பெயர்ந்தது. இடம்பெயர்வு எங்களுக்கு மட்டும் வாய்த்த முதுசம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1979 இல் ஒக்ஸ்பாம் மரம் நடும் திட்டத்தோடு அங்கே போனது. மரத்தைவிடத் தானியம்தான் முதலில் வேண்டும் என்றார்கள் கமக்காரர்கள். தங்களுக்குத் தெரிந்த பழைய கல்வரிசையையே திருத்திப் போடத் தொடங்கினார்கள். சரிவில் ஒரே மட்டத்தில் கல் அடுக்கினால் ஓடும் தண்ணீர் தேங்கி ஊறும். ஆனால் கண்ணால் மட்டம் பிடிக்க முடியாத மெல்லிய சரிவு. அதற்கு அவர்கள் பாவித்தது, இரண்டு தடிகளில் கட்டித் தண்ணீர் நிரப்பிய ரியூப். எங்கள் மேசன்மார் அத்திவாரத்துக்குப் பிடிக்கிற அதே ரியூப். எழுத வாசிக்கத் தெரியாதவரும் இரண்டு நாளில் பழகிவிடலாம்.

குழியின் கதை யாக்கூபா சவடோகோவினுடையது. சந்தையில் கடை வைத்திருந்தவர், 1980 அளவில் வியாபாரத்தை விட்டுக் கூர்கா கிராமத்துக் காணிக்குத் திரும்பினார். கோடையில் நிலமெங்கும் சிறு குழிகள் வெட்டி வைக்கும் 'ஸாய்' என்ற முறை அங்கே முன்பே இருந்தது. அவர் குழியை ஒரு சாணுக்கு மேல் அகலமாக்கி, ஆழமாக்கி, உள்ளே எருவும் போட்டார். எருவுக்குக் கறையான் வந்தது. எங்கள் வீடுகளில் வளையைத் தின்னுகிற கறையான், அங்கே இறுகிய மண்ணைத் துளைத்து முதல் மழைக்கு வழி விட்டது. ஒரு ஹெக்ரேயருக்குப் பத்தாயிரம் குழிக்கு மேல், வெயிலில், கையால். ஊர் அவரை விசரன் என்றது. அவர் வளர்த்த மரங்களுக்கு நெருப்பும் வைத்தார்கள். பிறகு அதே சனம் பழக வந்தது. 1984 முதல் வருடத்தில் இரண்டு தடவை தன் காணியில் சந்தை நாள் வைத்தார்; நூறுக்கு மேற்பட்ட கிராமங்களிலிருந்து விதையோடு வந்து பேசிப் போனார்கள். எருவோடு விழுந்து முளைத்த மரங்களை வெட்டாமல் விட்டதில் இருபது ஹெக்ரேயருக்கு மேல் காடும் வந்தது.

இந்த இடத்தில் நிறுத்தினால் வெற்றிக்கதை. பத்திரிகைகள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகின்றன. 2018 இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே வாகிகுயா நகரம் பெருத்து, காட்டை வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். செத்துக் கிடந்தவரை நிலத்தை யாரும் கேட்கவில்லை. உயிர் வந்தபிறகு விலை வந்தது. பரம்பரையாகப் பயிர்செய்ததை உறுதி என்று சட்டம் ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் அவர் காலமானார். அதற்குள் ஆயுதக்குழுக்களின் போர் வடக்கை விழுங்கியிருந்தது. அந்த வருடம் நாட்டுக்குள் இடம்பெயர்ந்திருந்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல்.

எங்கள் தோட்டம் வலிகாமம் வடக்கில். 1990 இல் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 28 வருடம் கழித்துக் காணியை விட்டபோது போய்ப் பார்த்த சின்னம்மா, கிணறு தூர்ந்து கிடக்கிறது, வேலிப் பூவரசு பெருமரமாய் நிற்கிறது என்றா. இதைச் சொன்னபோது கோப்பை கழுவுகிறவர் ஒன்றைத்தான் கேட்டார்: குழை தாழ்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் எத்தனை பேர் மிச்சம்?

எந்த மாதத்தில் தாழ்ப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. சின்னம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அதெல்லாம் உன்ர அப்புவுக்குத்தான் தெரியும் தம்பி" எண்டா. அப்பு 1998 இல் முகாமில் செத்தவர்.