சந்தா கட்டிய சக்கரங்கள்

1892 அக்டோபரில் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஒரு குதிரைப் போட்டி நடந்தது. ஜெர்மன் படை அதிகாரிகள் பெர்லினிலிருந்து புறப்பட்டார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரி அதிகாரிகள் வியன்னாவிலிருந்து. தூரம் ஏறத்தாழ 580 கிலோமீட்டர். வென்ற ஆஸ்திரியருக்கு 71 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பல குதிரைகள் வழியிலும், வந்து சேர்ந்த பிறகும் செத்து விழுந்தன. இரு நாட்டுப் பத்திரிகைகளும் காறித் துப்பின.

அடுத்த ஆண்டே அதே இரு நகரங்களுக்கு நடுவே சைக்கிள்காரர்கள் பந்தயம் வைத்தார்கள். மியூனிக்கைச் சேர்ந்த ஜோசஃப் ஃபிஷர் 31 மணி நேரத்தில் பெர்லினை எட்டிவிட்டார். குதிரைக்கு ஆனதில் பாதிகூட இல்லை. 1896இல் முதல் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றவரும் இவர்தான்.

குதிரையை ஓரங்கட்டுவதற்காகவே பிறந்த வண்டி என்று சைக்கிளைப் பற்றி ஒரு கதை உண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஓட்ஸ் விலை ஏறி, குதிரைக்குத் தீனி போடக் கட்டுப்படியாகவில்லை. அதனால் கார்ல் டிரைஸ் குதிரையில்லா வண்டி செய்தார் என்பது ஆய்வாளர் சிலரின் ஊகம். கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாகப் பொருந்துகிற கதை; அதனாலேயே சந்தேகத்தோடு கேட்க வேண்டியது. டிரைஸ் பாடன் நாட்டின் வனத்துறை அதிகாரி. 1817 ஜூன் 12 அன்று மன்ஹைமில் இரு சக்கர மர வண்டியில் ஏறி, ஷ்வெட்ஸிங்கன் சாலையில் இருந்த குதிரை மாற்றும் நிலையம் வரை போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினார். இதெல்லாம் உறுதி. வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் போக வேண்டும். 1849 புரட்சியின்போது பிரபுப் பட்டத்தைத் துறந்து, 1851இல் வறுமையில் இறந்துபோனார்.

வண்டி வந்துவிட்டது. ஆனால் அதில் ஊர் விட்டு ஊர் போவது வேறு சங்கதி. வழியில் டயர் வெடித்தால், கை முறிந்தால், போலீஸ் நிறுத்தினால், இரவு தங்க இடமில்லை என்றால் என்ன செய்வது? ஜெர்மனியில் இதற்கெல்லாம் விடை தேடியவை சங்கங்கள்தான். முதலில் வசதியானவர்களின் சங்கம்: 1884இல் லைப்ஸிக்கில் தொடங்கிய ஜெர்மன் சைக்கிள் சம்மேளனம். அன்று ஒரு சைக்கிளின் விலை தொழிலாளிக்குப் பல மாதச் சம்பளம். விலை இறங்க இறங்க ஆலைத் தொழிலாளர்களும் சைக்கிளில் ஏறினார்கள். 1896இல் ஆஃபன்பாக்கில் அவர்கள் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். பெயர் ‘சொலிடாரிடேட்’, அதாவது ஒருமைப்பாடு.

இந்தச் சங்கத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோழர்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். எதிரே வரும் கூட்டத்தைப் பார்த்ததும் ‘ஃப்ரிஷ் ஔஃப்!’ என்று குரல் கொடுப்பார்கள். தேர்தல் காலத்தில் அதே சைக்கிள்கள் சோஷலிஸ்ட் துண்டறிக்கைகளைக் கிராமங்களுக்குச் சுமந்தன. ‘வர்க்கப் போராட்டத்தின் செங்குதிரைப் படை’ என்றே பெயர் வந்தது. ஊர்வலத்தை விடவும் முக்கியமானது கணக்குப் புத்தகம். உறுப்பினர் சந்தா கட்டுவார். விபத்து நேர்ந்தால் உதவித்தொகை, வழக்கு வந்தால் வக்கீல் செலவு, இறந்துபோனால் குடும்பத்துக்குப் பணம். வழியில் நம்பித் தங்கக்கூடிய சத்திரங்களையும் சங்கமே அடையாளம் காட்டியது. ஒருவருக்கு வரும் கஷ்டத்தை முன்பின் பார்த்திராத ஆயிரம் பேர் பங்குபோட்டுத் தாங்கினார்கள். நிதி திரட்டும் இன்றைய சைக்கிள் பயணங்களுக்குக் குலமுதல்வர் யாரென்று கேட்டால், பந்தயக்காரர்களைக் காட்டிலும் இந்தச் சந்தாக்காரர்களைத்தான் கைகாட்ட வேண்டும்.

முதல் உலகப் போருக்கு முன்பே உறுப்பினர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்; 1920களில் மூன்று லட்சத்தையும். ஆஃபன்பாக்கில் ‘ஃப்ரிஷ் ஔஃப்’ என்ற பெயரில் சொந்தமாக சைக்கிளும் தயாரித்தார்கள். 1933இல் நாஜிகள் சங்கத்தைத் தடைசெய்து சொத்துகளைப் பறித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சங்கம் திரும்ப எழுந்தது, பழைய பலம் இல்லாமல்.

நெடுந்தூரம் மிதிக்க உடம்பு வலுவோடு வண்டியின் பாகங்களும் நன்றாக இருக்க வேண்டும். அவற்றைக் கொடுத்த ஊர் ஷ்வைன்ஃபுர்ட். 1883இல் அங்கே ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் உருட்டித் தேய்க்கும் இயந்திரத்தைச் செய்தார். சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் குண்டுகள்தான். பந்தய வீரராக இருந்த எர்ன்ஸ்ட் சாக்ஸ் அதே ஊரில் 1903இல் ‘டார்பிடோ’ ஹப்பைக் கொண்டுவந்தார். முன்னோக்கி மிதித்தால் ஓடும், நிறுத்தினால் தானாக உருளும், பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். மூன்றும் பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே அடக்கம். மலைச்சரிவில் கேரியர் நிறைய மூட்டையோடு இறங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. சைக்கிளுக்காக வளர்ந்த அந்தக் குண்டுத் தொழில் பின்னாளில் டாங்கிக்கும் விமானத்துக்கும் போனது. அதனாலேயே 1943இல் அமெரிக்க விமானங்கள் ஷ்வைன்ஃபுர்ட்டைக் குறிவைத்தன. அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்களை அமெரிக்கர்கள் இழந்தார்கள்.

படுக்கும் பிரச்சினையைத் தீர்த்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மன் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டி, ஒரு கிராமப் பள்ளியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வேண்டியதாயிற்று. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை விடுதியாக்கினால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் அவருடைய இளைஞர் விடுதி வந்தது. நடப்பவர்களுக்காக எழுந்த விடுதிகளால் சைக்கிளில் வந்தவர்களுக்கும் மலிவாக ஒரு கட்டில் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாலைகளில் கார் பெருகியது. சைக்கிள் ஏழையின் வண்டியாகவும் குழந்தையின் விளையாட்டுப் பொருளாகவும் சுருங்கியது. 1979இல் பிரெமனில் ஏடிஎஃப்சி என்ற சைக்கிள் சங்கம் தொடங்கியபோதுதான் காற்று திரும்பியது. இன்று டோனவ்எஷிங்கனிலிருந்து பஸாவ் வரை டான்யூப் ஓரமாக 600 கிலோமீட்டர் அளவுக்கு சைக்கிள் வழி போகிறது. ஏடிஎஃப்சி அங்கீகரிக்கும் விடுதிகளுக்குச் சில நிபந்தனைகள் உண்டு: ஒரே ஓர் இரவுக்கு வருபவரையும் ஏற்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும், நனைந்த துணி காய வசதி வேண்டும், ரிப்பேர் சாமான் இருக்க வேண்டும். பழைய சங்கம் காட்டிய சத்திரங்கள் புதுப் பலகை மாட்டிக்கொண்டதைப் போலத்தான் இது.

சந்தாவும் திரும்பி வந்தது, வேறு ரூபத்தில். கீஸன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை அளித்துவந்த பேராசிரியர் ஃப்ரிட்ஸ் லாம்பர்ட்டின் முயற்சியில் 1983இல் ஒரு சைக்கிள் பயணம் தொடங்கியது. ‘டூர் டெர் ஹோஃப்னுங்’, அதாவது நம்பிக்கைப் பயணம், என்ற பெயரில் அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. விளையாட்டு வீரர்களும் அரசியல்வாதிகளும் மருத்துவர்களும் சாதாரண ஆட்களும் ஒரே கூட்டமாக மிதிக்கிறார்கள். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. வழியில் ஊர் ஊராக நிற்கிறார்கள்; சந்தைத் திடலில் மேயரோ வங்கிக்காரரோ பள்ளிப் பிள்ளைகளோ திரட்டிய பணத்துக்குக் காசோலை நீட்டுகிறார்கள். பயணச் செலவை விளம்பரதாரர்கள் ஏற்றுக்கொள்வதால், நன்கொடையாக வரும் ஒவ்வொரு யூரோவும் முழுதாக நோயுற்ற குழந்தைகளின் கணக்குக்கே போகிறது.