தவிடு நீக்கிய காற்று

தட்டில் குவித்த கோதுமை மாவில் எரியும் தீக்குச்சியைச் செருகினால் மாவு சற்றே கருகும், குச்சி அணைந்துவிடும். அதே மாவு காற்றில் புகைபோலப் பரவி நிற்கையில் ஒரு தீப்பொறி பட்டாலோ வெடிமருந்தாகிவிடுகிறது. ஒவ்வொரு துகளையும் பிராணவாயு சூழ்ந்து நிற்பதே காரணம். (இதனை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டா, ஆசிரியப் பணியில் இருந்த நாளிலும் நான் இதைக் கரும்பலகையோடு நிறுத்திக்கொண்டவன்.) 1785-ஆம் ஆண்டிலேயே, இத்தாலிய நகரமான டூரினில் ஒரு ரொட்டிக் கிடங்கு இவ்வாறு வெடித்ததை மொரோஸ்ஸோ பிரபு எழுதிவைத்தார். ஆயினும் ஆலை முதலாளிகள் பாடம் கற்க நெடுநாள் ஆயிற்று.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின் அருவி விசையைக்கொண்டு 1874-இல் எழுந்தது வாஷ்பர்ன் 'ஏ' ஆலை. ஏழு அடுக்குகள் கொண்டது. அந்நாட்டுக் கோதுமையின் தவிடு எளிதில் நொறுங்கி மாவைக் கறுக்கச் செய்யும். ஆகவே, சல்லடையின் கீழிருந்து காற்றை ஊதி, ரவையிலிருந்து தவிட்டைப் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்தனர். மாவு வெண்மையாயிற்று. ஆனால் அக்காற்று நுண்ணிய மாவுத்தூசியை ஆலையெங்கும் நிரப்பியது. 1878 மே 2 மாலை, தானியமின்றி ஓடிய எந்திரக்கற்கள் உரசித் தீப்பொறி எழுந்தது என்பர், ஆலை தரைமட்டமாயிற்று. அடுத்திருந்த ஆலைகளும் அழிந்தன. மாண்டோர் 18 பேர். உணவைத் தூய்மை செய்யவந்த கருவியே உயிரைக் குடித்தது. அதன்பின் டி லா பார் என்னும் பொறியாளர், தூசியை ஈர்த்துப் பிடிக்கும் கருவிகளைப் பொருத்தினார். 1880-இல் புதிய ஆலை இயங்கலாயிற்று.

தீயணைப்புக் கருவியை ஆலையுள் பொருத்துவதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. கூரையடியில் ஓடும் தண்ணீர்க்குழாயின் முதுகில் மாவு படியும்; அதில் வண்டு பெருகும்; சிறிய வெடிப்பொன்று அம்மாவை உதிர்த்தால் இரண்டாம் வெடிப்பு முதலதினும் பெரிதாகும். ஆகையால் குழாயை உணவு திறந்திருக்கும் இடத்துக்கு மேலே கொண்டுசெல்லாமலும், தூசி தங்காமலும், துடைக்க எட்டும்படியும் அமைக்கவேண்டும். பழைய அணைப்பான்களில் கந்தகத் திராவகமும் சோடா உப்பும் இருந்தன. தெறித்த இடத்து உணவு வீண். கரியமில வாயு எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனால் சீறிப் பாயும் அதன் வேகம் மாவைக் கிளப்பிவிடும். மாவுக்கு ஏற்றது மெல்லிய நீர்த்தூவலே.

இத்தனையும் அறிந்த பிறகு, 2008 பிப்ரவரி 7 அன்று, ஜார்ஜியா மாநிலத்துப் போர்ட் வெண்ட்வொர்த்தில் சர்க்கரை ஆலையொன்று வெடித்து 14 பேர் மாண்டனர். சர்க்கரையில் அயற்பொருள் விழாதிருக்க, அதைச் சுமந்து செல்லும் பட்டையை முந்திய ஆண்டில் உலோகத் தகடுகளால் மூடியிருந்தனர். திறந்திருந்தபோது கலைந்துபோன தூசி உள்ளேயே திரண்டது. சர்க்கரைத் தூசி வெடிக்கும் என்பதை அவ்வாலையினர் அறியாதவரல்லர். மூடியைப் போட்டவர்கள், தூசியை வெளியே இழுக்கும் குழாயை மட்டும் அதனோடு சேர்க்கவில்லை.