பென்ஸ் ஜோன்ஸ் புரதமும் எதிர்ப்பொருள் ஆய்வின் வரலாறும்: மைலோமா நோயாளரின் உயிர்வேதியியல், நோயெதிர்ப்பு மாற்றங்களை முன்வைத்து

முன்னுரை

இரத்தப் புற்றுநோய்களுள் மல்டிபிள் மைலோமாவுக்கு அறிவியல் வரலாற்றில் தனியிடம் உண்டு. எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் விளையும் இந்நோயில், நோயாளரின் இரத்தத்திலோ சிறுநீரிலோ ஒரே வகைப் புரதம் மிகுதியாகச் சேர்கிறது. நோயைக் காட்டும் தடயமாக மட்டுமே நெடுங்காலம் கருதப்பட்ட அப்புரதம், நலமுள்ள உடலின் எதிர்ப்பொருள் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறியும் வழியாகப் பின்னர் ஆயிற்று. அதே வேளையில், அப்புரதத்தைச் சுமந்தவரின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியிருந்தது என்ற உண்மை, புரதத்தின் வேதியியல் பெற்ற கவனத்தை மிகத் தாமதமாகவே பெற்றது. இவ்விரு போக்குகளும் எவ்வாறு பிரிந்து சென்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1845: இலண்டனில் ஒரு சிறுநீர் மாதிரி

1845ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனைச் சேர்ந்த மளிகை வணிகர் ஒருவர், ஓராண்டுக்கும் மேலாக நீடித்த மார்பு வலியாலும் எலும்பு வலியாலும் துன்புற்று வந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த தாமஸ் வாட்சன், வில்லியம் மெக்கின்டயர் என்பவரையும் கலந்தாலோசித்தார். உடல் வீக்கத்தைக் கண்ட மெக்கின்டயர் சிறுநீரைத் தாமே சோதித்து, விந்தையான ஒரு பண்பைக் கண்டார். நைட்ரிக் அமிலம் சேர்த்தபின் அதிலிருந்து படியும் பொருள், சூடாக்கினால் கரைந்தது. ஆறினால் மீண்டும் உறைந்தது. முட்டை வெண்கருவைப் போல வெப்பத்தில் உறைந்து, உறைந்தபடியே நிற்கும் அல்புமினை மட்டுமே அறிந்திருந்த அக்கால மருத்துவர்களுக்கு இது புரியாத புதிராக இருந்தது.

நவம்பர் 1ஆம் நாள், அப்பொருள் யாதென வினவும் குறிப்புடன் சிறுநீர் மாதிரி ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பப்பட்டது. ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக்கிடம் வேதியியல் பயின்று திரும்பிய அவர், அப்போது முப்பத்தொரு வயதினர். சிறுநீரின் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 67 பங்கு இப்பொருள் இருப்பதாக அவர் கணக்கிட்டார். நலமானவரின் இரத்தத்திலுள்ள அல்புமினின் அளவு சிறுநீர் வழியே வெளியேறுகிறது என்பது அதன் பொருள். இதனை அல்புமினின் ஆக்சைடுகளுள் ஒன்றாக அவர் முடிவு செய்தார். அம்முடிவு பிழையானது. எனினும் எலும்பு மென்மையுறும் நோயாளரிடம் இப்பொருளைத் தேடவேண்டும் என்ற அவரது பரிந்துரை இன்றளவும் பிழைபடவில்லை.

நோயாளர் 1846 ஜனவரி 1ஆம் நாள் இறந்தார். பிணக்கூறாய்வில் விலா எலும்புகள் எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்தன. சிறுநீரகங்களோ பார்வைக்கு இயல்பாகவே தோன்றின. சிறுநீரில் புரதம் வெளிப்பட்டால் சிறுநீரகமே பழுது என்று கருதப்பட்ட காலம் அது. பழுது வேறிடத்தில் இருக்கக்கூடும் என்பதற்கான சான்று அன்றே மேசைமேல் கிடந்தது எனலாம். ஜான் டால்ரிம்பிள் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் நிறைந்திருந்த உட்கருவுள்ள செல்களை 1846இல் விவரித்தார். பென்ஸ் ஜோன்ஸின் கட்டுரைகள் 1847இலும் 1848இலும் வெளிவந்தன; மெக்கின்டயரின் முழுமையான நோயாளர் வரலாறு 1850இல்தான் அச்சேறியது. வெப்பப் பண்பை முதலில் கண்டவர் மெக்கின்டயராயினும் புரதத்துக்குப் பெயர் வேதியியலாளருடையதாயிற்று. முந்தி அச்சிட்டவருக்கே பெயர் என்னும் வழக்கம் மட்டும் இதற்குக் காரணமன்று. படுக்கையருகே நின்று கண்டதைவிட ஆய்வுக்கூடத்தில் அளந்ததற்கே அந்நூற்றாண்டு மதிப்பளிக்கத் தொடங்கியிருந்தது.

கழிவா, படைப்பா?

1873இல் ருஸ்டிட்ஸ்கி இந்நோய்க்கு மல்டிபிள் மைலோமா என்று பெயரிட்டார். 1889இல் பிராகு நகரின் ஓட்டோ காலர், தாமும் மருத்துவரான ஒரு நோயாளரின் வரலாற்றை விரிவாக எழுதினார். எலும்பு வலி, இரத்தசோகை, முதுகுக் கூனல், சிறுநீரில் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் ஆகியவற்றுடன், அந்நோயாளருக்கு அடிக்கடி ஏற்பட்ட மூச்சுக்குழல் தொற்றுகளும் அதில் இடம்பெற்றுள்ளன. பின்வந்தோர் முதல் நான்கையும் நோயின் இலக்கணமாகக் கொண்டனர். தொற்றுகள் உடன்நிகழ்வுகளாகவே விடப்பட்டன.

புரதம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவும் எளிதில் தீரவில்லை. உணவின் செரிமானக் குறையா, திசுக்கள் சிதைந்த கழிவா, நோய்ச் செல்களின் ஆக்கமா என்ற ஐயம் நீடித்தது. 1922இல் பெய்ன்-ஜோன்ஸும் வில்சனும், வெவ்வேறு நோயாளரின் பென்ஸ் ஜோன்ஸ் புரதங்கள் நோயெதிர்ப்பு வினைகளின் அடிப்படையில் இரு தொகுதிகளாகப் பிரிவதைக் காட்டினர். 1950களில் பிராங்க் பட்னம் குழுவினர், அடையாளமிடப்பட்ட அமினோ அமிலங்களை நோயாளருக்குச் செலுத்தி, இப்புரதம் வேறொன்று சிதைந்து உண்டாவதன்று, உடல் புதிதாக உருவாக்குவதே என்று நிறுவினர். அதற்கு முன்பே, 1939இல், டிசேலியஸ் வகுத்த எலக்ட்ரோபோரெசிஸ் என்னும் மின்புலப் பிரிப்பு முறையில் மைலோமா சீரம் சோதிக்கப்பட்டிருந்தது. நலமானவரின் குளோபுலின்கள் அகன்ற மேடாகத் தோன்றும் பகுதியில், நோயாளரின் சீரம் குறுகி உயர்ந்த ஒற்றை முகட்டைக் காட்டியது. பிளாஸ்மா செல்களே எதிர்ப்பொருளை உருவாக்குபவை என்பதை 1948இல் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் தெளிவுபடுத்தியபோது, அம்முகட்டின் பொருளும் விளங்கத் தொடங்கியது.

நோய் தந்த தூய்மை

எதிர்ப்பொருளின் அமைப்பை ஆராய முற்பட்டோருக்குப் பெருந்தடையாக நின்றது அதன் பன்மையே. நலமுள்ளவரின் சீரத்தில் எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்கள் கலந்துள்ளன. அக்கலவையின் அமினோ அமில வரிசையை அறிய முயல்வது, சந்தை இரைச்சலைக் கேட்டு ஒருவரது பேச்சை எழுத முயல்வதைப் போன்றது. மைலோமாவிலோ ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் பெருகி, ஒரே மூலக்கூறை நாள்தோறும் கிராம் கணக்கில் சுரக்கின்றன. எந்த ஆய்வுக்கூடமும் அன்று பிரித்தெடுக்க இயலாத தூய்மையை நோயே வழங்கியது.

1956இல் கார்ன்கோல்டும் லிபாரியும் பென்ஸ் ஜோன்ஸ் புரதங்களுக்கும் சீரத்தின் மைலோமா குளோபுலின்களுக்கும் உள்ள உறவைக் காட்டினர். அவர்களது பெயர்களின் முதலெழுத்துகளை ஒட்டியே காப்பா, லாம்டா என்னும் வகைப்பெயர்கள் அமைந்தன. தீர்வு 1962இல் வந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜெரால்டு எடல்மனும் ஜோசப் கேலியும், எதிர்ப்பொருளிலிருந்து பிரித்தெடுத்த இலேசான சங்கிலிகளைச் சூடாக்கினர். அவை முதலில் வீழ்படிவாகி, கொதிநிலையை நெருங்கியபோது கரைந்தன. ஆறியபோது மீண்டும் படிந்தன. மெக்கின்டயர் கண்ட அதே பண்பு! பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்பது கனமான சங்கிலியோடு இணையாமல் வெளியேறிய இலேசான சங்கிலியே என்பது உறுதியாயிற்று. நூற்றுப்பதினேழு ஆண்டு இடைவெளியில் இரு சோதனைக்குழாய்கள் ஒன்றையொன்று விளக்கிய இந்நிகழ்வுக்கு இணையானவை உயிர்வேதியியல் வரலாற்றில் மிகச் சிலவே.

1965இல் ஹில்ஷ்மனும் கிரெய்கும் வெவ்வேறு நோயாளரின் பென்ஸ் ஜோன்ஸ் புரதங்களை ஒப்பிட்டு, சங்கிலியின் ஒரு பாதி மாறுவதையும் மறுபாதி பெரிதும் மாறாதிருப்பதையும் கண்டனர். 1969இல் எடல்மன் குழுவினர் ஒரு மைலோமா நோயாளரின் இம்யூனோகுளோபுலினுடைய முழு அமினோ அமில வரிசையை வெளியிட்டனர். 1972இல் எடல்மனுக்கும் ராட்னி போர்ட்டருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வாளர் பெயர்கள் கிரேக்க எழுத்துகளாக நிலைபெற்ற இத்துறையில், புரதத்தை அளித்த நோயாளர் பெரும்பாலும் ஓரிரு எழுத்துகளாகவே எஞ்சினர். அடையாள மறைப்பு மருத்துவ அறத்தின்பாற்பட்டதே. ஆனால் வரலாற்று நூல்கள் அவர்களின் பங்கையும் சேர்த்தே மறைத்துவிட்டன.

மிகுதியினுள் வறுமை

மைலோமா நோயாளரின் உயிர்வேதியியல் மாற்றங்கள் இன்று தெளிவாக அறியப்பட்டுள்ளன. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டும் காரணியை மைலோமா செல்கள் வெளியிடுவதை 1974இல் மண்டி குழுவினர் காட்டினர். எலும்பு கரைவதால் இரத்தத்தில் கால்சியம் உயர்கிறது. இலேசான சங்கிலிகள் சிறுநீரக நுண்குழல்களில் உறைந்து அடைப்பதால் கிரியேட்டினின் உயர்கிறது. மஜ்ஜை நெருக்கப்படுவதால் ஹீமோகுளோபின் குறைகிறது.

நோயெதிர்ப்பு மாற்றமே முரண் மிக்கது. மொத்தக் குளோபுலின் அளவு மிகுந்திருப்பதைக் காணும் ஒருவர் எதிர்ப்பாற்றலும் மிகுந்திருக்கும் என எண்ணக்கூடும். உண்மை நேர்மாறானது. மிகுந்திருப்பது ஒரே எதிர்ப்பொருள். வந்து தாக்கும் கிருமிக்கு அது பொருந்துவது அரிது. இயல்பான பிற எதிர்ப்பொருள்களின் உற்பத்தியோ ஒடுங்கிவிடுகிறது. நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் தொற்று இந்நோயாளரிடம் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1952இல் புரூட்டன் பிறவிக் காமாகுளோபுலின் குறையை விவரித்த பின்னரே, எதிர்ப்பொருள் இன்மைக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பு மருத்துவர் சிந்தனையில் வேரூன்றியது. 1960களில் மைலோமாவிலும் அது முறையாக ஆராயப்பட்டது. மின்புலப் பிரிப்புப் படத்தில் முகட்டுக்கு அருகே தாழ்ந்து கிடந்த பகுதி 1939 முதலே கண்முன் இருந்தது. பார்வை முகட்டின் மேலேயே நின்றது. காலரின் நோயாளரது தொற்றுகளை உடன்நிகழ்வாக ஒதுக்கிய அதே பார்வைதான் இது.

எதிர்ப்பொருளே மருந்தாக

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிச் செல்லை எலி மைலோமா செல்லோடு இணைத்து ஹைபிரிடோமாவை உருவாக்கினர். ஓயாது பெருகும் மைலோமாவின் இயல்பே, வேண்டிய ஓர் எதிர்ப்பொருளை மட்டும் வேண்டுமளவு பெறும் வழியாயிற்று. அவ்வழியின் தொடர்ச்சியில் உருவான டாராட்டுமுமாப், பிளாஸ்மா செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி38 என்னும் மூலக்கூறைப் பற்றும் எதிர்ப்பொருள். 2015இல் அது அமெரிக்காவில் மைலோமாவுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதே மூலக்கூறைத் தாங்கும் நலமான பிளாஸ்மா செல்களையும் அது தாக்குவதால், முன்பே குன்றியிருந்த இயல்பு எதிர்ப்பொருள்கள் மேலும் குறைகின்றன. சிலருக்கு இம்யூனோகுளோபுலினைச் சிரைவழி செலுத்தவேண்டியுள்ளது. இம்மருந்தும் காப்பா வகை இலேசான சங்கிலியுடைய ஒற்றை எதிர்ப்பொருளே. ஆதலால் மருந்து பெறும் நோயாளரின் சீரத்தை மின்புலத்தில் பிரிக்கும்போது, அது தனிப் பட்டையாகத் தோன்றி நோய்ப் புரதம் எஞ்சியிருப்பதாக மயக்கம் தருவதுண்டு. படத்திலுள்ள மெல்லிய கோடு நோயா, மருந்தா என்பதைப் பிரித்தறியத் தனிச் சோதனைகளை ஆய்வுக்கூடங்கள் வகுத்துக்கொண்டுள்ளன.