பற்றாசுக்கோலும் எண்ணெய்த் துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியமையும், ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் அத்துறையின் பொருட்டு மோதிக்கொண்டமையும், 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியமையும், 1942இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமையும் பாடநூல்களிற் காணப்படுவன. ஆனால், அத்துறைமுகத்திலே நாள்தோறும் கம்பியை இணைத்தும் தகரத்தை ஒட்டியும் விளக்கைச் செப்பனிட்டும் வாழ்ந்த தொழிலாளரின் கைக்கருவிகள் இவ்வரலாற்றினுட் புகவில்லை. கருவியை விடுத்து உழைப்பை விளங்கிக்கொள்ளல் அரிது. உழைப்பை விடுத்து ஒரு துறைமுகத்தை விளங்கிக்கொள்ளலோ அதனினும் அரிது. ஈண்டு நோக்கப்படுவது அத்தகைய சிறு கருவியொன்றாகும். எரிபொருளைத் தன் பிடியிலேயே தாங்கி, அதனை எரித்துத் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு, வேலை முடியும்வரை ஆறாது நிற்கும் பற்றாசுக்கோலே அது.

பற்றாசு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பொற்கொல்லர் பொற்றுண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க இடும் பொடிக்கும், தகர வேலையாளர் உருக்கியிடும் ஈயக் கலவைக்கும் அதுவே பெயர். யாப்பருங்கலக் காரிகையைக் கற்றோர் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை நிரம்பாதவிடத்து ஓரசையேனும் ஈரசையேனும் கூட்டி நிரப்புவர். அவ்வாறு கூட்டப்பட்ட அசைக்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பற்றாசு இணைப்பது போன்று அது செய்யுளின் உறுப்புக்களை இணைத்தலின் அப்பெயர் பெற்றது என்பது உரைமரபு. அக்காலத்து இலக்கண ஆசிரியர் கொல்லன் பட்டறையை நன்கு அறிந்திருந்தனர். பட்டறையை மறந்தது பிற்காலத்துப் புலமையே போலும்.

தகர வேலைக்கும் கம்பி இணைப்புக்கும் பயன்படும் பற்றாசு, வெள்ளீயமும் ஈயமும் கலந்ததாகும். வெள்ளீயம் தனித்து உருக 232 பாகை சென்ரிகிரேட் வெப்பம் வேண்டும். ஈயம் தனித்து உருக 327 பாகை வேண்டும். ஆயின், வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்குமாகச் சேர்ந்த கலவையோ 183 பாகையிலேயே உருகிவிடும். இவ்வியல்பே இத்தொழிலுக்கு அடிப்படை. இணைக்கப்படும் செம்பும் தகரமும் உருகா. இடையில் இடப்படும் கலவை மாத்திரம் உருகிப் பரவி, ஆறியதும் பற்றிக்கொள்ளும். நாகத்தைக் கரைத்த அமில நீரை முன்னரே தடவி உலோகத்தின் மேற்பரப்பைத் துப்புரவாக்குதலும் வேண்டும்.

பழைய பற்றாசுக்கோல் என்பது இரும்புத் தண்டொன்றின் நுனியிற் பொருத்திய செம்புக் கட்டியேயன்றி வேறன்று. வெப்பத்தை விரைந்து கடத்துவதாலும், வெள்ளீயம் எளிதிற் பற்றிக்கொள்வதாலும் செம்பு தெரிந்தெடுக்கப்பட்டது. கரியடுப்பில் அதனைப் புதைத்து வைப்பர். செம்பினைச் சுற்றிப் பச்சை நிறச் சுவாலை தோன்றுமாயின் சூடு போதும் என்பது வேலையாளர் கண்டறிந்த அளவை. வெப்பமானி அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால், அடுப்பை விட்டு எடுத்த கணம் முதல் கோல் ஆறத் தொடங்குகின்றது. சூடு குறைந்த கோலால் இட்ட பற்றாசு பார்வைக்குப் பற்றியது போலத் தோன்றினும் சிறிது அசைத்ததும் பெயர்ந்துவிடும். ஆகவே இரண்டு கோல்களை வைத்து, ஒன்று அடுப்பிற் கிடக்க மற்றையதால் வேலை செய்து, மாற்றி மாற்றி எடுத்தல் வழக்கமாயிற்று. அடுப்பு ஊதவும் கோலை எடுத்துக் கொடுக்கவும் ஒரு சிறுவன் நின்றான். அவனது நாட்கூலியும் பற்றாசின் விலையில் அடங்கியதே.

பட்டறையினுள் இம்முறை போதுமானது. துறைமுகத்தில் அது போதாது. பட்டறைக்குக் குடத்தையும் விளக்கையும் கொண்டுவரலாம். தந்திக்கம்பத்தையும் கப்பலின் மேற்றளத்தையும் கொண்டுவர முடியாது. தந்திக்கம்பிகளை இணைக்கும் முறைகளுள் பிரித்தானியா இணைப்பு எனப்பட்டது ஒன்று. இரு கம்பிகளின் முனைகளை அருகருகே வைத்து, மெல்லிய கம்பியால் நெருக்கிச் சுற்றி, சுற்று முழுவதும் பற்றாசு ஊறும்படி செய்தல் வேண்டும். இதனைக் கம்பத்தின் உச்சியில் நின்று செய்யவேண்டியிருந்தது. கீழேயுள்ள அடுப்பிலிருந்து கோலைக் கயிற்றிற் கட்டி மேலே அனுப்பும் இடைவெளியிலேயே அது பாதி ஆறிவிடும். 1927இல் திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை வந்தபோது கல்லோயாச் சந்தியிலிருந்து காட்டினூடே நீண்டது தண்டவாளம் மட்டுமன்று, அதனோடு கம்பியுந்தான். இவற்றோடு காற்றையும் எண்ணுதல் வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் நிலத்தையும் உடலையும் வரட்டும்; ஐப்பசிக்குப் பின் வாடையும் மழையும் கடற்பக்கமிருந்து வரும். செம்புக் கட்டியின் சூட்டைக் கவர்ந்து செல்வதில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தனவல்ல.

வேலையை நெருப்பிடம் கொண்டுவர இயலாதவிடத்து நெருப்பை வேலையிடம் கொண்டுசெல்லலே வழி. இவ்வழி சுவீடன் நாட்டிலே திறந்தது. ஸ்ரொக்ஹோமில் கார்ல் றிச்சட் நீபெரி என்பார் 1882 அளவில் ஊதுவிளக்கைச் செய்யத் தொடங்கினார். மக்ஸ் சீவேட் என்னும் வணிகர் அதனை உலகெங்கும் விற்றார். (இந்நீபெரியே 1897 முதல் ஆகாய விமானமொன்றையும் கட்ட முயன்றார். அதன் நீராவி இயந்திரத்துக்கு வெப்பமூட்டியவை அவருடைய ஊதுவிளக்குகள் நான்கு. விமானம் சிறு துள்ளல்களுக்கு மேல் எழும்பவில்லை. விளக்கோ உலகைச் சுற்றி வந்துவிட்டது.) ஊதுவிளக்கின் வாயிலே செம்புக் கட்டியைப் பொருத்தினால் தன்னைத்தானே சூடாக்கும் பற்றாசுக்கோல் கிடைத்துவிடும். சுவீடனிற் சீவேட்டும் ஜேர்மனியின் திறெஸ்டனில் பார்த்தெலும் அத்தகைய கோல்களைச் செய்து ஏற்றுமதி செய்தனர்.

இதன் இயக்கத்தைத் தமிழ் வாசகர்க்கு விளக்கப் பெற்றோமக்ஸ் விளக்கை நினைவூட்டினாற் போதும். மின்சாரம் வராத ஊர்களிலே கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அதனைக் கொளுத்தியவரைச் சூழ்ந்து நின்று பார்த்த தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. முதலிற் சிறு கிண்ணத்தில் மதுசாரத்தை ஊற்றி எரிப்பர். அச்சூட்டிற் குழாயிலுள்ள எண்ணெய் ஆவியாகும். ஆவி நுண்டுளையூடாகச் சீறிப் புறப்பட்டுக் காற்றோடு கலந்து எரியும். எரியும் சுவாலையின் வெப்பத்தில் ஒரு பகுதி குழாய்க்கே மீண்டு, அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்கும். முதல் நெருப்பை மனிதன் கொடுத்தாற் போதும். அடுத்தடுத்த நெருப்பை அது தானே ஆக்கிக்கொள்கின்றது. பற்றாசுக்கோலிலும் இதுவே நிகழ்கின்றது. பெற்றோமக்ஸில் வலைத்திரி ஒளிரும் இடத்தில் இங்கே செம்புக் கட்டி சூடேறும். பெற்றோல் எளிதில் ஆவியாவதால் அக்கோலுக்குப் பம்பி வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்க் கோலுக்கு வேண்டும். எரிபொருள் தீரும்வரை கோல் ஒரே சூட்டில் நிற்கும். அடுப்பூதும் சிறுவனுக்கு அங்கே வேலையில்லை.

இந்நன்மைக்கு விலையும் இருந்தது. கையாற் பற்றும் பிடியே எரிபொருட் பாத்திரமாகவும் அமைந்தமையால், நெடுநேர வேலையில் அது சூடேறி உள்ளமுக்கம் ஏறும். சூடாறுமுன் மூடியைத் திறந்து பெற்றோல் ஊற்ற முனைந்தவர் தீக்காயம் பட்டனர். கப்பலொன்றின் எண்ணெய் அறைக்கு அருகே இத்தகைய கோலைக் கொளுத்துவது எத்தகைய செயல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்நிலையில் துறைமுகமும் மாறிக்கொண்டிருந்தது. 1905இல் செலவுச் சுருக்கத்தின் பெயரால் ஆங்கிலேயர் மூடிய கடற்படைத் தொழிற்தளத்துக்குப் புத்துயிர் அளித்தது எண்ணெயே. 1912இற் கட்டத் தொடங்கிய குயின் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெயை மாத்திரமே எரித்தன. அவை இந்து சமுத்திரத்தில் இயங்குவதாயின் இடைவழியில் எண்ணெய் இருத்தல் வேண்டும். 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவின் காட்டினுள்ளே உருக்குத் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. அவற்றுள் 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானியத் தாக்குதலில் ஒரு தாங்கி தீப்பற்றி அழிந்தது. 1944இலோ குயின் எலிசபெத், வேலியன்ற் ஆகிய கப்பல்களே நேரில் வந்து இத்துறையில் தங்கின.

இங்கே ஒரு முரண் நோக்கற்பாலது. சீனன்குடாவிற் சேர்த்து வைக்கப்பட்டது கப்பற் கொதிகலனில் எரியும் தடித்த கருநிற எண்ணெய். அதனை நுண்டுளைக் கோலில் ஊற்றின் துளை அடைபடுமேயன்றிச் சுவாலை தோன்றாது. கோலுக்கு வேண்டியது வடித்துத் தெளிந்த பெற்றோல். அதுவும் கோப்பை அளவே. ஆயினும் அக்கோப்பை எண்ணெய் கடல் கடந்து தகரங்களில் வரவேண்டியிருந்தது. பேரரசின் எண்ணெய்க் களஞ்சியத்தின் வாயிலில் நின்ற தொழிலாளி, தன் கைக்கருவிக்குரிய எண்ணெயைக் கடையில் வாங்கினான். கரியடுப்பின் பிணைப்பிலிருந்து அவனை விடுவித்த அதே கருவி எண்ணெய் வணிகத்தோடு அவனைப் பிணைத்துவிட்டது. முன்னர் அவனுக்கு வேண்டியிருந்த சிரட்டைக்கரி அயலிலுள்ள தென்னந்தோப்பிற் கிடைத்தது.

எண்ணெய் வந்த தகரமும் பற்றாசினால் ஆனதே. மெல்லிய தகட்டை மடித்து விளிம்புகளைப் பற்றாசிட்டு ஒட்டிய நான்கு கலன் தகரங்கள் கீழைத்தேயமெங்கும் பரவின. எண்ணெய் தீர்ந்த பின் அவை தண்ணீர் அள்ளும் வாளியாகவும், நெல் அளக்கும் பாத்திரமாகவும், வெட்டி விரித்தாற் குடிசைக் கூரையாகவும் மாறின. மண்ணெண்ணெய்த் தகரமின்றி ஈழத்துக் கிராமத்தைக் கற்பனை செய்தல் கடினம். மூதூரிலும் கிண்ணியாவிலும் தகர வேலையாளர்க்கு மூலப்பொருள் அதுவே. ஆனால், அத்தகரத்தின் ஒட்டுக்கள் உறுதியானவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆபிரிக்கப் பாலைவனத்திற் பிரித்தானியப் படையின் பெற்றோலிற் பெரும்பகுதி இத்தகைய தகரங்களின் விளிம்புகளூடாகவே ஒழுகிப் போயிற்று. பின்னர் அவர்கள் ஜேர்மானியரின் ஒட்டவைத்த உருக்குக் கலத்தைப் பார்த்துப் பின்பற்றலாயினர்.

மின்சாரக் கோலின் வரவை விரிக்க வேண்டியதில்லை. 1890களில் அமெரிக்காவில் அது தோன்றிற்று; 1921இல் ஜேர்மானியரான ஏர்ன்ஸ்ற் சாக்ஸ் அதனைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கினார். வானொலிப் பெட்டியின் நுண்ணிய இணைப்புக்களுக்கு அதுவே ஏற்றது. 1957இல் திருகோணமலைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்த காலத்தில் எரிபொருட் கோல் பட்டறைகளில் ஏறத்தாழப் பழம்பொருளாகிவிட்டது. எனினும் வெளிவேலைக்கு மின்கம்பி செல்லாத இடங்கள் இருந்தமையால் அதன் தேவை முற்றாக ஒழியவில்லை. 1980களில் அயர்லாந்திலே, அழுத்தித் திரவமாக்கிய பியூற்றேன் வாயுவால் இயங்கும் பேனை அளவான கோல் சந்தைக்கு வந்தது. அதிற் சுவாலைகூடத் தோன்றாது. ஊக்கியொன்றின் மேற்பரப்பில் வாயு எரிந்து நுனியைச் சூடாக்குகின்றது. தத்துவம் பழையதே.

கருவிகளின் வரலாறு பழையது கழிதலும் புதியது புகுதலுமாக ஒரே திசையிற் செல்வதாக எண்ணுவது வழக்கம். வடக்கு கிழக்கின் அண்மைக்கால அனுபவம் அதனை ஒப்பவில்லை. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பெற்றோலும் மின்கலங்களும் தடுக்கப்பட்டன. அங்கே வானொலி சைக்கிள் டைனமோவாற் பாடிற்று. பழைய மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலிட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். முதற்சூட்டை ஒன்றால் ஊட்டித் தொடர்ச்சூட்டை மற்றொன்றால் பேணும் அவ்வுபாயம் நீபெரியின் விளக்கைக் கொளுத்தும் முறைக்கு நெருங்கிய உறவினது. பொறியியலை எவரும் கற்பித்ததனால் அது பிறக்கவில்லை, தட்டுப்பாடே கற்பித்தது.

2022ஆம் ஆண்டு சனவரியில் சீனன்குடாத் தாங்கிகள் பங்கிடப்பட்டன: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 61 இரண்டும் கூடிய புதிய கம்பனிக்கும் என உடன்பாடாயிற்று. அதே ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சமையல் வாயுவும் கிடைக்கவில்லை. மின்சாரக் கோலுக்குரிய மின்சாரமும் எரிபொருட் கோலுக்குரிய எண்ணெயும் ஒருங்கே அரிதாகிய அம்மாதங்களில், எவரிடமும் கையேந்தாது சூடேறக்கூடியதாக எஞ்சியது சிரட்டைக்கரியிற் புதைத்தெடுக்கும் பழைய செம்புக் கட்டியே.